பதிவேட்டில் ஒரு விண்கல்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு மியூசியத்தில் வேலை பார்த்தேன். என் பொறுப்பில் ஒரு விண்கல் இருந்தது. வானத்திலிருந்து விழுந்த அது முக்கால்வாசி இரும்பு. இந்த ஊர் மழைக்காற்று பட்டாலே துருப்பிடித்துவிடும். ஈரத்தை உறிஞ்சுவதற்காக அலமாரிக்குள் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளை வைத்து, வெறும் கையால் யாரையும் தொடவிடாமல் காத்துவந்தேன். பதிவேட்டில் மட்டும் 'இரும்பு' என்று எழுதித் தொலைத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் விண்கல் இலைப் பச்சையில் பளபளத்தது. வாசலின் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், என் பதிவேட்டைப் பார்த்து எழுதிய லிஸ்டோடு பக்கத்தில் நின்றார்.

"இரும்பெல்லாம் பச்சை அடிக்கணும்னாக்கும் ஆர்டர், சாரே."

தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஒரு வாரம் உட்கார்ந்து டர்பன்டைனால் துடைத்தேன். பிறகு பதிவேட்டில் 'இரும்பு' என்பதை அடித்துவிட்டு, 'கல்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

ஓணத்துக்கு முன்பு, தோட்டத்துப் பாதையோரக் கற்களுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. எனக்குத் தகவல் தெரிந்து ஓடிப்போவதற்குள் விண்கல்லும் வெள்ளையாகிவிட்டது. அடித்தவர் என்னைப் பார்த்து மனசாரச் சிரித்தார்.

"சுண்ணாம்பும் பக்கத்திலயே எடுத்து வச்சிருந்தீங்களே சாரே, வலிய உபகாரம்."