நோட்டில் நான் எழுதிய சர்க்கரை

என் நோய்க்கு வலி கிடையாது. முதலில் தெரிந்த அறிகுறி வயிற்றின் அளவு. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. என் கணவர் குமார் தறி ஓட்டுவார். நான் தார் சுற்றுவேன் (தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் நூல் ஏற்றும் வேலை). ஏழாம் மாதத்தில் பக்கத்து வீட்டு அக்கா, "ஒம்போது மாசம் மாதிரி கீது. புள்ள கொழுகொழுன்னு பொறக்கும் பாரு" என்றார். எனக்கும் பெருமையாக இருந்தது. தண்ணீர் தாகம் அதிகமாக இருந்தது. வெயில் காலம்தானே என்று விட்டுவிட்டேன்.

நான் காட்டிக்கொண்டிருந்தது ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில். அங்கே யாரும் முகம் சுளித்ததில்லை. உட்கார நாற்காலி கொடுப்பார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதல் மாதத்தில் ஒரு முறை சர்க்கரை பார்த்தார்கள். ஆறாம் மாதத்தில் மறுபடி பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தெட்டாவது வாரத்தில் ஒரு திங்கட்கிழமை காலை குழந்தை அசையவில்லை. மதியம் ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை. மறுநாள் பிரசவம் ஆனது. ஆண் குழந்தை. நாலு கிலோ முந்நூறு. முகத்தில் ஒரு குறையும் இல்லை. என் அப்பா அவனைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார். ஒரு நர்ஸ் என் தலையை வாரிப் பின்னிவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு பெண் படிவம் கொண்டுவந்தார். ஊழியர்கள் கனிவாகப் பேசினார்களா, அறை சுத்தமாக இருந்ததா, மருத்துவர் நேரம் ஒதுக்கினாரா என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து நட்சத்திரங்கள். எல்லாவற்றிலும் ஐந்தைக் குறித்தேன். கடைசியில், நாங்கள் எதை மேம்படுத்த வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "எதுவும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதை நினைத்துப் பிறகு பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் நான் பொய் எழுதவில்லை. அவர்கள் கனிவாகத்தான் இருந்தார்கள். அறை சுத்தமாகத்தான் இருந்தது. சர்க்கரை பார்த்தார்களா என்ற கேள்வி அந்தப் படிவத்தில் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மறுபடி கர்ப்பமானேன். இந்த முறை குமார் என்னைத் திருப்பதிக்கு அழைத்துப் போனார். அது கூட்டம் மிகுந்த மருத்துவமனை. காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறிப் போனாலும் மருத்துவரைப் பார்க்க மதியம் ஆகிவிடும். நடைபாதையில் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும். மருத்துவர் சித்தூர்க்காரர், தமிழும் பேசுவார்.

"மொத கொழந்த எவ்ளோ வெயிட்டும்மா?"

"நாலு முந்நூறு மேடம்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சுகர் பாத்தாங்களா?"

"மொதல்ல ஒரு தரம் பாத்தாங்க."

அன்றே குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை அதிகமாக இருந்தது. கர்ப்பகால நீரிழிவு (கர்ப்பத்தின்போது ரத்தத்தில் சர்க்கரை கூடும் நோய்) என்று எழுதினார்கள்.

"மேடம், அதனாலதான் மொத புள்ள போச்சா?" என்று கேட்டேன்.

"அதனாலதான்னு இப்போ என்னால சொல்ல முடியாது. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார்.

எனக்கு அப்போது புரியாத ஒன்றையும் அவர் விளக்கினார். தாயின் ரத்தத்தில் உள்ள சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின் குழந்தையைக் கொழுக்கவைக்கிறது. முக்கியமாக வயிற்றிலும் தோளிலும் சதை சேர்கிறது. ஊர் பாராட்டிய வளர்ச்சி அதுதான்.

என் அப்பாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை மட்டும்தான் போடுவார், ஊசி என்றால் பயம். மருத்துவர் எனக்கு எழுதிக்கொடுத்த இன்சுலின் ஊசிப் பெட்டியை நான் திறந்தவுடன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "என்னிய வச்சித்தாம்மா உனக்கு வந்திச்சி" என்று ஒரு நாள் வெளியில் நின்றபடியே சொன்னார். "அப்டியெல்லாம் இல்ல நைனா" என்றேன். அப்படியும் இருக்கலாம் என்று மருத்துவர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கினோம். வெறும் வயிற்றில் ஒரு முறை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சாப்பிட்ட பிறகு 120-ஐத் தாண்டக் கூடாது. சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களிக்கு மாறினேன். களி துன்னா ஏறாது என்று எல்லோரும் சொன்னார்கள். பெரிய உருண்டையாகச் சாப்பிட்டால் அதுவும் ஏறும் என்பதைக் கருவிதான் காட்டியது.

ஏழாம் மாதப் பரிசோதனையில் நோட்டைப் பார்த்த நர்ஸ், வரிசையில் நின்றவர்கள் முன்னால் சத்தம் போட்டார். "இன்னாம்மா, வாயக் கட்ட மாட்டியா? மொத புள்ளய விட்டுட்டு வந்துமா புத்தி வரல?"

பஸ்ஸில் வரும்போது புத்தூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்கடுத்த இரண்டு வாரம் நான் செய்ததை இதே நிலையில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கருவி 186 காட்டிய அன்று நோட்டில் 118 என்று எழுதினேன். மறுநாள் 172 என்று காட்டியது. 115 என்று எழுதினேன். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போய்வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலை இரண்டு கை சாப்பிட்டேன். அன்று விரலைக் குத்தவே இல்லை, 120 என்று எழுதினேன். குழந்தையை ஏமாற்றுகிறேன் என்று தோன்றவில்லை. திட்டு வாங்காமல் வர வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

அடுத்த முறை நர்ஸ் நோட்டைப் பார்த்துவிட்டு, "ம், இப்படி இருக்கணும்" என்றார். சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் கழித்து ஸ்கேன். குழந்தையின் தலை அந்த வாரத்துக்குரிய அளவில் இருந்தது. வயிற்றின் சுற்றளவு மூன்று வாரம் முந்தியிருந்தது.

மருத்துவர் நோட்டையும் ஸ்கேன் தாளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுல ஒண்ணு தப்பு" என்றார்.

நான் அழவில்லை. "நோட்டுதான் மேடம்" என்றேன்.

"ஏன்?"

"திட்டுறாங்க மேடம். எல்லார் எதிர்லயும்."

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். பிறகு, "எங்களுக்காக எழுதாத. நீ எழுதுற நம்பரப் பாத்துத்தான் நான் மருந்து போடறேன். நீ நூத்திப் பதினெட்டுன்னு எழுதினா மருந்து நூத்திப் பதினெட்டுக்குத்தான் போகும்" என்றார். அன்று இன்சுலின் அளவைக் கூட்டினார். குமார் கூடவே இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, "இனிமே நானு எழுதறேன். நீ குத்து, போதும்" என்றார். அன்றிலிருந்து தறியை நிறுத்திவிட்டு வந்து எழுதிவிட்டுப் போவார்.

முன்பு நடந்ததை நினைத்து, முப்பத்தெட்டாவது வாரத் தொடக்கத்திலேயே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆண். மூன்று கிலோ எழுநூறு. அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தேன்.

ஒரு மணி நேரத்தில் அவன் கை கால் நடுங்க ஆரம்பித்தது. குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை 28, மிகவும் குறைவு. என்னிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை தொப்புள்கொடி வெட்டியதும் நின்றுவிட்டது. அவன் உடம்போ பழைய அளவுக்கே இன்சுலினைச் சுரந்துகொண்டிருந்தது. அவனைப் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய் ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"நான் பொய்யா எழுதுனதாலதானா?" என்று குமாரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்த மருத்துவரிடம் கேட்டேன். சரியாக எழுதிய தாய்மார்களின் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதுண்டு என்றார். ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை.

இரண்டு நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினேன். என்னைத் திட்டிய அதே நர்ஸ்தான் தையல் வலியோடு இருந்த என்னைப் பிடித்து நடத்திக் குழந்தையிடம் கூட்டிப் போனார். மூன்றாம் நாள் குளுக்கோஸை நிறுத்தினார்கள். சர்க்கரை 64-இல் நின்றது. என் மார்பில் போட்டார்கள். குடித்தான்.

வீட்டுக்குப் போகும் நாளில் நர்சிங் படிக்கும் ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். தெலுங்கில் இருந்தது. எனக்குத் தெலுங்கு பேச வரும், வேகமாகப் படிக்க வராது. அவளே வாசித்தாள். கழிப்பறைக்கு ஐந்தில் இரண்டு சொன்னேன். காத்திருந்த நேரத்துக்கு இரண்டு. மருத்துவருக்கு ஐந்து. ஊழியர்கள் மரியாதையாகப் பேசினார்களா என்பதற்கும் இரண்டு என்றேன்.

"அக்கா, கம்மியா போட்டா சிஸ்டருங்களுக்குப் பேச்சு விழும்" என்றாள்.

"அவங்கதான் என்னியப் புடிச்சி நடக்க வச்சாங்க. அதயும் எழுது. ஆனா திட்னதால நான் நோட்ல பொய் எழுதுனேன். அதயும் எழுது."

அவள் பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு, மெதுவாகச் சொல்லுங்கள் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு எழுதினாள். கட்டம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினாள். அதை யாராவது படித்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பையனுக்கு இப்போது ஒன்றரை வயது. எடை சாதாரணமாக இருக்கிறது, கால்கள் நீளமாகின்றன. ஏன் இளைத்துவிட்டான் என்று தெருவில் கேட்கிறார்கள். எனக்குப் பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை இறங்கிவிட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தரம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பெல்லாம் வலிக்கிற இடத்தை மட்டும் உடம்பு என்று நினைத்தேன். இப்போது ஒன்றும் செய்யாத நாளிலும் அதைக் கவனிக்கிறேன். பயத்தால் அல்ல, அது ஒரு வேலையாகிவிட்டது.

போன மாதம் பரிசோதனைக்குப் போனேன். குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பையன் நடைபாதையில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ஆறு மாத வயிற்றோடு ஒரு பெண், கையில் அதே தண்ணீர். குடிக்கப் பிடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவன் மொத பையனாக்கா?"

"ரெண்டாவது. மொத பையன் இல்ல."

"ஏன், இன்னாச்சி?"

"சக்கர இருந்திருக்கும். யாரும் பாக்கல. எனக்கும் தெரியல."

அவள் குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ரத்தம் எடுக்க அவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எனக்கு ஒன்றே முக்கால். உட்கார்ந்திருந்தோம்.