மகமை தந்த கடைசி வியாபாரி

நேற்று, நரிக்குடியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கு பஸ் கண்டக்டர் வந்தார். “நர்ஸம்மா, அருப்புக்கோட்டையில சண்முகவேல் அண்ணாச்சி தவறிட்டாக. முந்தாநாளே எடுத்துட்டாகளாம்” என்றார். கையிலிருந்த குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, அருப்புக்கோட்டைக்குத் திரும்பும் அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன்.

அண்ணாச்சி பருத்தி வியாபாரி. அருப்புக்கோட்டைப் பேட்டைச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கென்று ஒரு சிறு தொகையை மகமையாகக் கொடுப்பார்கள். அதில்தான் எங்கள் பிரசவ விடுதி நடந்தது. யுத்த காலத்தில் நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். மனைவியைத் தலைப்பிரசவத்தில் பறிகொடுத்தவர் அண்ணாச்சி, மறுமணம் செய்துகொள்ளவில்லை. விடுதிக்குள் ஒருநாளும் வந்ததில்லை. வாசலில் நின்று, “தாயும் பிள்ளையும் சொகமா?” என்று கேட்பார், பதில் கிடைத்ததும் போய்விடுவார்.

யுத்தம் முடிந்து பருத்தி விற்பனைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. மில்லுக்காரர்களின் லாரிகள் பரளச்சியில் பருத்தி விளையும் காட்டுக்கே போய் மூட்டை ஏற்றின. பக்கத்து ஊர்ப் பேட்டை மகமையை எடுத்துவிட்டு, மிச்ச வியாபாரத்தையும் இழுத்துக்கொண்டது. எங்கள் பேட்டையில் கூட்டம் போட்டார்கள். விடுதிக்காக என்னையும் அழைத்திருந்தார்கள்.

“மகமை கேட்டா இனி ஒரு லோடுகூட இங்கிட்டு வராது, அண்ணாச்சி” என்றார் தலைவர்.

“பருத்தி விளைவிக்கிற சம்சாரிக்குக் கூடுதலா விலை கிடைக்கிறதை நான் தப்புன்னு சொல்லலை. அவன் பொண்டாட்டிக்கு வலி எடுத்தா எங்க போவான்? எல்லா ஊர்ப் பேட்டையும் சேந்து ஒரே மகமையா வைப்போம்.”

“அவுக ஒத்துக்கிட மாட்டாக.”

“கேட்டுப் பாத்தீகளா?”

தலைவர் ஓட்டெடுப்புக்கு விட்டார். மகமையை எடுக்கத் தீர்மானித்தபோது எதிர்த்துத் தூக்கிய கை அவருடையது மட்டுமே.

பிறகு ஊர் ஊராக அவரே போய்க் கேட்டார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: “உக்காரச் சொன்னாக. காப்பி குடுத்தாக. அம்புட்டுதான்.”

தன் மூட்டைகளுக்கு மட்டும் விடாமல் மகமை கொடுத்தார். அதனாலேயே மற்றவர்கள் தந்த விலையை அவரால் தர முடியவில்லை. சம்சாரிகள் விலகிப் போனார்கள். ஆளற்ற பேட்டையில் அவர் கடை ஒன்றே திறந்திருக்கும். கடைசியில் விடுதியை மூடினோம். “நரிக்குடிக்குப் போங்கம்மா. பிள்ளை பெறுறவுக அங்கயும் இருக்காக” என்று என்னை பஸ் ஏற்றிவிட்டார். சில மாதங்களில் கடையும் மூடியது.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. “பங்காளி ஒருத்தர் வந்து கொள்ளி வச்சாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டாரு” என்றார் எதிர்வீட்டு அம்மா. கழுவிவிட்ட வாசல் காய்ந்து, கரிசல் புழுதி படிந்திருந்தது.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதே வழக்கம். சொல்லிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. இருந்தும் என்னால் அப்படிக் கிளம்ப முடியவில்லை. பூட்டிய கதவைப் பார்த்து, “வாரேன், அண்ணாச்சி” என்றேன்.