ஏழு வீடுகளும் ஒரு பாலமும்

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் கீழே பழைய தாள் ஒன்று இருக்கிறது. முன்பக்கத்தில் லுசேர்ன் ஏரிப் படகுகளின் நேர அட்டவணை. பின்பக்கத்தில், நீலப் பேனாவில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில் ஏழு வீடுகள். மாமா பெயர் எழுதுவதில்லை. "பேக்கரியடி வீடு", "இரட்டைப் பிள்ளைக்காரர்", "மூன்றாம் மாடி ரீச்சர்" என்றுதான் எழுதுவார். ஏழுக்கும் நேராகச் சரி அடையாளம் இருக்கிறது. மொன்றியலில், வில்லரேயிலுள்ள இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் படகுப் பயணம் எப்படி என்று கேட்பார்கள். நான் படகில் ஏறவே இல்லை என்றால் நம்புவதில்லை.

பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்து, முதன்முதலாகக் கிடைத்த விடுமுறையில் போன பயணம் அது. மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சுவிட்சர்லாந்தில் லுசேர்னில் இருந்தார். அம்மா இங்கே மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரித் தரை துடைத்து எங்களை வளர்த்த காலத்தில் அவரைப் போய்ப் பார்க்க வசதி வரவில்லை. பிறகு வசதி வந்தது, அப்போது அம்மாவுக்கு முழங்கால் வலியும் வந்துவிட்டது. ஆகவே நான் போனேன். கையிலிருந்தது இரண்டரை நாள். பட்டியலில் பதினொரு இடங்கள்: கூரை போட்ட மரப்பாலம், அதன் பக்கத்தில் தண்ணீருக்குள் நிற்கும் எண்கோணக் கோபுரம், பாறையில் குடைந்த சிங்கம், பழைய நகர மதில், மதிலின் மணிக்கூண்டு, ஏரிப் படகு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நடக்க எத்தனை நிமிடம் என்றுகூடக் குறித்திருந்தேன்.

ரயில் நிலையத்துக்கு மாமா கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். என் பட்டியலை வாங்கி, கண்ணாடியை உயர்த்திப் படித்தார். "நல்லா எழுதியிரிக்காய் மகள்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதே பையிலிருந்து இந்தத் தாளை எடுத்து என்னிடம் தந்தார். "இது என்ட பட்டியல்."

மறுநாள் காலை, தேநீர் ஊற்றிக்கொண்டே மாமி விளக்கினார். "இவருக்கிட்ட எட்டுப் பேர் ஏறுற வான் இரிக்கெண்டு இஞ்ச தமிழாக்கள் எல்லாருக்கும் தெரியும். ஆருக்கு விருந்தாளி வந்தாலும் சூரிச் எயார்போட்டுக்குப் போய் ஏத்திற்று வாற இவர்தான். பாலம் காட்டுற, சிங்கம் காட்டுற, போட்டோ எடுக்கிற எல்லாம் இவர்தான். இருபத்தேழு வருசம் மகள். இவர்ட ரத்தத்தில ஒருத்தரும் இஞ்ச வரல்ல. நீதான் முதல்." அடுப்பைத் தணித்துவிட்டு, "இண்டைக்கு நாலு வீடு. வயித்தக் காலியா வச்சிக்க" என்றார்.

நாலு வீட்டிலும் ஒரே நடைமுறைதான். வாசலில் மாமா எனக்கு ஓரடி முன்னால் நிற்பார். கதவு திறந்ததும் விலகி, என்னைக் காட்டி, "என்ட தங்கச்சிட மகள். மொன்றியல்ல எஞ்சினியர்" என்பார். நான் எஞ்சினியர் இல்லை, தொழில்நுட்ப உதவியாளர்தான். முதல் வீட்டில் திருத்தினேன், அதன் பிறகு விட்டுவிட்டேன். உள்ளே இடியப்பம், சொதி, கோழிக்கறி, அதற்கு மேல் கேக். "கடைசியில உங்களுக்கும் ஒரு ஆள் வந்திற்று அண்ணன்" என்று யாராவது ஒருவர் சொல்வார். அதை முதன்முறை கேட்பவர்போல மாமா தலையைக் குனிந்து சிரிப்பார். நான் மேசைக்கடியில் கைபேசியில் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றில் பூச்சியம்.

அதற்கடுத்த நாள் ஆறாவது வீட்டைவிட்டு இறங்கி வானில் ஏறியபோது மதியம். ஏரி ஜன்னலுக்கு வெளியே பளபளத்துப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. "மாமா, நான் லுசேர்ன் பாக்க வந்தனான். வீடு வீடாச் சாப்பிட வரல்ல" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டும் குரலில் சொன்னேன்.

அவர் அடுத்த சந்தியில் வானை மரப்பாலத்துப் பக்கம் திருப்பினார்.

மரப்பாலத்தை மிக நன்றாகக் காட்டினார். எங்கே நின்றால் கோபுரமும் மலையும் ஒரே படத்தில் விழும் என்று சொல்லி, என்னை இரண்டு அடி இடப்பக்கம் நகரச் சொல்லி, மூன்று படம் எடுத்தார். கூரைக்குள் இருந்த முக்கோண ஓவியங்களைக் காட்டினார். அந்த நேரம் மதில் பக்கமிருந்து மணி அடித்தது. "இது பழைய மணிக்கூடு. ஊரில மற்ற எல்லா மணிக்கும் ஒரு நிமிசம் முந்தி அடிக்கும். நம்மட ஆக்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் வருவாங்க" என்றார். நான் சிரிக்கிறேனா என்று பார்க்காமலே அடுத்த ஓவியத்துக்குப் போனார். இருபத்தேழு வருடம் மற்றவர்களுடைய விருந்தாளிகளுக்குச் சொன்ன பகிடி அது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் ஊர் காட்டுவது பிறத்தியாருக்கு. சொந்தக்காரரை வீடுகளுக்குத்தான் கூட்டிப்போவார்கள். ஒரே ஒரு வசனத்தால் நான் அவருடைய ஆள் என்ற இடத்திலிருந்து இறங்கி, வானில் ஏற்றி வந்த யாரோ ஒருத்தியாகிவிட்டேன்.

"அடுத்தது எந்த வீடு, மாமா?"

"வேணாம் மகள். ரீச்சருக்கு போன் பண்ணிச் சொல்லுவம். நீ சிங்கத்தப் பார்."

"எனக்குப் பசிக்குது."

அது பச்சைப் பொய். ஆறு வீட்டுச் சோறு நெஞ்சுவரை நின்றது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரீச்சர் புட்டு அவிச்சிருப்பா" என்றார் மெதுவாக. "புட்டெண்டா இன்னும் நல்லம்" என்றேன்.

வானை நோக்கி நடந்தவர் பாலத்தின் நடுவில் சட்டென்று நின்று, மேலே கையைக் காட்டினார். "நீ பாலக்காரியெல்லோ. இதப் பார்." ஒரு காலத்தில் பாலம் எரிந்ததாம். தீக்குத் தப்பிய கரிய உத்திரமும் பின்னர் வைத்த வெளிர் உத்திரமும் சேருகிற இடம் அது. கறுப்பு எங்கே முடிகிறது, வெளிர் எங்கே தொடங்குகிறது என்று அவர் விரலால் காற்றில் கோடு இழுத்தார். நான் பொருத்தை அண்ணாந்து பார்த்தபடி நாலைந்து கேள்வி கேட்டேன். ஒன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. மிகவும் சந்தோஷப்பட்டார். "இத ஒருத்தருக்கும் காட்டினதில்ல. வாறவங்களுக்கு விளங்காது" என்றார்.

ரீச்சர் வீட்டில் இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாலம் போக என் பட்டியலில் பார்த்தவை, அதன் பக்கத்திலிருக்கும் கோபுரமும், வானிலிருந்து தெரிந்த மதிலும். பதினொன்றில் மூன்று. ரயில் நிலையத்தில் மாமா இந்தத் தாளை வாங்கி, ஏழாவதற்குச் சரி போட்டு என்னிடமே தந்துவிட்டார்.

வருகிற மாதம் மாமாவும் மாமியும் மொன்றியலுக்கு முதன்முறையாக வருகிறார்கள். மலையில் ஏற வேண்டாமா, பழைய துறைமுகம் காட்ட வேண்டாமா என்று கணவர் கேட்கிறார். பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தத் தாளை வீடுகள் தெரியத் திருப்பி ஒட்டிவிட்டு, பக்கத்தில் என் தாளையும் ஒட்டியிருக்கிறேன். அம்மா வீடு முதலாவது. பஸ் சரியாக இல்லாத இல்-பிசார் தீவில் தங்கச்சி வீடு நாலாவது, அதற்குக் கார் இரவல் சொல்லியாயிற்று. கடைசியில் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீடு. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சமைக்கிறேன் என்றிருக்கிறாள்.

நேற்று தொலைபேசியில் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எத்தின வீடு மகள்?"

"ஒன்பது."

"எனக்கு இப்ப சீனி வருத்தம் இரிக்கு, மருந்து குடிக்கிறன். மாமி கண்டா ஏசுவா" என்றார். பிறகு சொன்னார்: "ஆனா ஒண்டையும் வெட்டாத."