செவலையின் வலது கண்

ஈர இறகில் மஞ்சள் தண்ணீர் பட்டால் ஒரு வாடை எழும்பும். கோழி வாடையும் இல்லை, மஞ்சள் வாடையும் இல்லை, இரண்டும் சேர்ந்து, காய்ச்சல்காரர் போர்த்திய கம்பளியைப் போல வெதுவெதுப்பான ஒரு வாடை. இன்றைக்கும் அது மூக்கில் ஏறினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்கும், அவர்கள் வயதில் இதை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். அதிகம் படித்தவன் இல்லை நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில், இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பாதையிலிருந்து பிரிந்து ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு "ஸ்டோரில்" வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லயத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரு "காம்பரா", அதாவது ஒற்றை அறை, அதற்கு முன்னால் "இஸ்தோப்பு" என்கிற சின்னத் தாழ்வாரம், பின்னால் அவரையும் பசளியும் படர்ந்த ஒரு துண்டு நிலம். அந்தத் துண்டு நிலத்தில்தான் என் இரண்டு அசில் சேவல்களும், சண்டைக்கோழி இனம் அது, நின்றன.

வஹகோட்டைப் பக்கம் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்த மாமா, தவிடு நிரப்பிய பிஸ்கட் டின்னில் எட்டு முட்டைகளைப் புதைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்து கொடுத்ததில் பிறந்தவை அவை. எங்கள் நாட்டுக்கோழியின் கீழே அடை வைத்தோம். ஐந்து பொரித்தன, பருந்துக்கும் கீரிக்கும் போக இரண்டு மிஞ்சின, இரண்டும் சேவல். ஒன்று செவலை, மற்றது கருப்பன். வளர வளர அவை லயத்துக்கே வேடிக்கையாயின. நெஞ்சு இறகில்லாமல் சிவந்து கிடக்கும், கால் இரண்டும் மூங்கில் போல நீளும், கொண்டை என்று பார்த்தால் ஒரு கொத்து மிளகு அளவுதான். பக்கத்துக் காம்பரா ராக்கம்மா அக்கா தினமும் ஒரு தடவையாவது கேட்காமல் விடமாட்டார்:

"ஏன்டா தம்பி, ஒங்க கோழி ரெண்டும் சட்ட போட மறந்துட்டு முட்டயவிட்டு வந்துருச்சா?"

எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் அந்தக் கோழிகளைப் போல நடக்கிற கோழி அந்த மலையிலேயே கிடையாது. நிமிர்ந்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து, கணக்கப்பிள்ளை கொழுந்து மலையை மேற்பார்க்க வருவது போல வரும். பள்ளிக்கூடம் போகுமுன் ஊறவைத்த குரக்கன், அதாவது கேழ்வரகு, போடுவேன், தேங்காய்ப் பூவும் நறுக்கிய சின்ன வெங்காயமும் வைப்பேன். கனமான கோழி உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கும் என்று கூட்டுக்குள் முழங்கால் உயரத்தில்தான் கம்பு கட்டியிருந்தேன். இரண்டும் அந்த ஒரே கம்பில் தோளோடு தோள் ஒட்டி உறங்கும்.

மாமா அடுத்த தடவை வந்தபோது அதைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அசிலு அண்ணன் தம்பி ஒன்னா வளந்தா ஒன்னாவே இருந்துரும். ரெண்டு நாள் பிரிச்சுப்புட்டீங்கன்னா மொகம் மறந்துரும். பெறகு சேக்கவே சேக்காதீங்க, ஒன்னுதான் மிஞ்சும்."

அந்த வருடம் என் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து வயது. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். மாத்தளை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தாள். அப்பா ஸ்டோருக்குப் பின்னால் போய் ரோதமுனி முன்னால் நின்று நேர்ந்துகொண்டார். ரோதமுனி என்பது ஸ்டோரின் பெரிய ரோதையை, அந்த இயந்திரச் சக்கரத்தை, காக்கிற சாமி. எண்ணெய் பூசிய ஒரு கல்லும் சூலமும்தான் அதன் உருவம். "புள்ள பொழச்சு வந்தா எங்கூட்டுச் செவலய ஒனக்கு விடுறேன்" என்று அப்பா வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பாப்பா எலும்பும் தோலுமாகப் பிழைத்து வந்தாள். நான் அழுதேன். தங்கச்சி வந்ததற்கு அழுதேனா, செவலை போவதற்கு அழுதேனா என்று அன்றைக்கும் தெரியாது.

நேர்ந்துவிட்ட சேவலுக்குச் சில முறைகள் இருந்தன. பூசைக்கு ஒரு வாரம் முந்தியே அதைத் தனியாகப் பிரித்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி, தினமும் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, குப்பை கிளறவிடாமல் பச்சரிசி போட்டு வைக்க வேண்டும். அதன் உடம்பில் "குறை" இருக்கக் கூடாது. ஒரு நகம் போனாலும் குறைதான். குறையுள்ளதைக் கொடுத்தால் சாமி வாங்காது, வாங்காத நேர்த்தி யாருக்காக நேர்ந்தோமோ அவர் மேலேயே திரும்பி வரும் என்பது லயத்தில் எல்லோருக்கும் இருந்த பயம். நாட்டுச்சேவலைப் பிரித்து வைத்தால் ஒன்றும் ஆகாது. நாங்கள் அசிலைப் பிரித்து வைத்தோம். முறைப்படி செய்கிறோம் என்ற நினைப்பில் மாமா சொன்னது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஞாபகம் வரவில்லை.

செவலை இஸ்தோப்பில், கருப்பன் பின்னால் கூட்டில். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. நான்காவது நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா மலையில், அப்பா ஸ்டோரில். பாப்பா மட்டும் இஸ்தோப்பில் பாயில் படுத்திருந்தாள். இன்னும் மூன்று நாள்தானே உயிரோடு இருக்கப்போகிறது, கடைசியாகத் தம்பியோடு கொஞ்சம் நிற்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. மாமா சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது, பிள்ளைகளே. இதை மறைத்து எழுதினால் மீதி எழுதுவதில் பயனில்லை. எங்கள் கோழிகள் அப்படிச் செய்யாது என்று நினைத்தேன்.

கருப்பனைத் தூக்கி வந்து இஸ்தோப்பில் விட்டேன். செவலை ஆசையோடு, கொக்கரித்துக்கொண்டே கிட்டே போனது. அதற்குத் தம்பியைத் தெரிந்திருந்தது. ஆனால் கருப்பன் பார்த்தது உடம்பெல்லாம் மஞ்சளாக நிற்கிற ஒரு அந்நியச் சேவலை. கழுத்து இறகு குடைபோல விரிந்தது. நான் கையை நீட்டுவதற்குள் பாய்ந்துவிட்டது. அசில் சண்டையில் சத்தமே இருக்காது. இறக்கை அடிக்கிற சத்தமும் எலும்பில் எலும்பு படுகிற சத்தமும்தான். செவலையின் காலில் கயிறு, விலகவும் முடியவில்லை. தண்ணி வாளியில் கிடந்த சாக்கை எடுத்துக் கருப்பன் மேலே எறிந்து அமுக்கிப் பிடித்தேன். அவ்வளவும் ஒரு வாய் சோறு மெல்லுகிற நேரம். கருப்பனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. செவலையின் வலது கண் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது.

பாப்பா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, அதுக்குக் கொறையா?"

"பேசாத. அம்மாகிட்ட சொல்லாத."

"சொல்லமாட்டேன்" என்றாள். தனக்காக நேர்ந்த சேவல் என்பது அவளுக்குத் தெரியும். என்றாலும் எனக்காக வாயை மூடிக்கொண்டாள்.

ரத்தத்தைத் துடைத்து, மஞ்சளைக் குழம்பாகக் குழைத்து முகத்தில் அப்பினேன். வலது பக்கம் சுவரைப் பார்க்கும்படி செவலையை மூலையில் கட்டினேன். அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தபோது, இனிமேல் நானே குளிப்பாட்டுகிறேன் என்றேன்.

அப்பா சிரித்தார். "ஒன்னய ஒருக்கா குளிக்க வைக்க ஒங்கம்மா பீலி வரைக்கும் வெரட்டணும். நீ கோழியக் குளிப்பாட்டப் போறியா?"

நானும் சிரித்தேன். பயத்தை மறைக்க நான் அன்று சிரித்த அந்தச் சிரிப்பைப் பிறகு யாரிடமும் கண்டதில்லை, காணவும் வேண்டாம்.

மறுநாள் காலையில் பாப்பாவின் உடம்பு சுட்டது. நெற்றியில் கை வைத்த அம்மாவின் முகம் மாறியது. "சாமி அவசரப்படுத்துது" என்றார் அம்மா. "நேர்ந்தத சொணக்காமக் குடுத்துறணும்." அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு இரத்தோட்டைக்கு மருந்துக்குப் போனார். எனக்கு வேறு கணக்கு ஓடியது. சாமி அவசரப்படுத்தவில்லை, சாமி கண்டுபிடித்துவிட்டது. என்னால்தான் தங்கச்சிக்குச் சுடுகிறது. சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அம்மா என்ன ஆவார் என்ற பயம் ஒரு பக்கம், சொல்லாவிட்டால் பாப்பா என்ன ஆவாள் என்ற பயம் மறு பக்கம். செவலை தீனி எடுக்கவில்லை. மஞ்சளுக்கு அடியில் கண் வீங்கி நீர் வடிந்தது. தொட்டால் அதுவும் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்டோர் ஓய்ந்திருந்தபோது பூசை. பூசாரித் தாத்தா செவலையை வாங்கிக் கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். இங்கே ஒரு முறையைச் சொல்ல வேண்டும். சேவலின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி சம்மதம் தந்துவிட்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் வெட்டக் கூடாது, காத்திருக்க வேண்டும்.

தெளித்தார். செவலை அசையவில்லை. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகு விரிந்து, நோயாளி போல நின்றது. மறுபடி தெளித்தார். தப்பு மேளம் அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மூன்றாவது தடவை தெளித்தபோது தண்ணீர் சொட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"என்னமோ கொற இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

அம்மா மடியில் கம்பளிக்குள் கிடந்த பாப்பா என்னைப் பார்த்தாள். அம்மா கம்பளியை அவள் மேலே இன்னும் இழுத்துப் போர்த்தினார்.

"அதுக்குக் கண்ணு போயிருச்சு" என்றேன். "நாந்தான் ரெண்டையும் சேத்துவிட்டேன். மஞ்சளப் பூசி மறச்சதும் நாந்தான்."

பூசாரித் தாத்தா ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தார். பார்த்தார். அப்பா என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அம்மாதான் பேசினார், என்னிடம் இல்லை, பூசாரியிடம்: "இப்ப எம்புள்ளைக்கு என்னங்க வழி?"

"கொறயுள்ளத சாமி எடுக்காது தாயி. வீட்டுல வேற சேவல் இருக்கா?"

"இருக்கு" என்றார் அம்மா.

பூசாரி என்னைப் பார்த்தார். "நீ தூக்குனாத்தான் அது வரும். ஓடு."

கருப்பனைக் கூட்டிலிருந்து எடுத்தேன். எப்போதும் போல என் கக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. தேயிலைக்குள்ளே இறங்குகிற குறுக்குப்பாதையில், லயத்தார் குளிக்கிற தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில், ஒரு நிமிடம் நின்றேன். இறக்கிவிட்டால் செடிக்குள்ளே ஓடிப்போகும், பறந்துவிட்டது என்று சொல்லலாம், ஒரு பொய்யோடு இன்னொன்று. என் உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்தது. பாப்பாவின் நெற்றிச் சூடு நினைவுக்கு வந்தது. நடந்தேன்.

முதல் துளி பட்டவுடனேயே கருப்பன் உடம்பைச் சிலிர்த்து உதறியது. எல்லோரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள். நான் மட்டும் விடவில்லை.

இரண்டு நாளில் பாப்பாவின் காய்ச்சல் இறங்கியது. மருந்தா, முனியா என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் இன்று கண்டியில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். செவலை பின்னும் ஆறு வருடம் இருந்தது. யாராவது வலப்பக்கத்திலிருந்து வந்தால் பதறும். தீனியைக் குனிந்து கொத்தும்போது ஒரு விரல் தள்ளித் தரையைக் கொத்தும்.

இப்போது நான் இரத்தோட்டையில் இருக்கிறேன். வீட்டின் பின்னால் நான்கு அசில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டில், நடுவில் சாக்குத் திரை. அந்த ஸ்டோரை மூடி வெகு காலம். ரோதையைக் கழற்றிப் பழைய இரும்புக்கு விற்று லொறியில் ஏற்றிவிட்டார்கள். கல் மட்டும் இருக்கிறது. இப்போது அதன் முன்னால் பூசணிக்காய் வெட்டிக் குங்குமம் தடவுகிறார்கள். சேவல் கேட்கிற சாமி போய்விட்டது, சேவலைத் தூக்கி வரப் பிள்ளையை அனுப்புகிற வழக்கமும் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று இந்தக் கதையை முடிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போது யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கே சொல்லியிருந்தாலும் கருப்பனைத்தான் கொடுத்திருப்பார்கள். அந்த உயிருக்கு என் உண்மையால் ஒரு நன்மையும் இல்லை. ஆனால் செவலையின் கண்ணுக்கு அந்த மூன்று நாளும் மருந்து கிடைத்திருக்கும். மாமா பிறகு வந்து இமையை விரித்துப் பார்த்தபோது சொன்னார்: "கண்ணு அன்னைக்கே போகலடா. மஞ்சள அப்பி மூடி வெச்சியே, அதுலதான் போச்சு."