சந்தேகமான பதினொரு பந்துகள்

பேஸ்போலில் முதலாவதாக மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. சுற்றி ஓடிவர வேண்டிய நாலு பேஸ்களில் முதல் பேஸை அவன் எப்பாடுபட்டாவது போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அடித்துச் சேர்கிறானா, அடிக்காமல் விட்டுச் சேர்கிறானா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். விளாசுவதற்கு நாலாவது ஆள் இருக்கிறான். அவனுக்கு முன்னால் பேஸ்களில் ஆட்கள் நின்றால்தானே அவன் விளாசலுக்குப் பெறுமதி? எழுபதுகளின் நடுவில், சிட்னியின் மேற்குப் பக்கத்து மைதானமொன்றில், குளிர்காலச் சனிக்கிழமைகளில் இதை நான் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். வீட்டில் மனைவிக்குச் சொன்னபோது, "இடியப்பத்துக்குச் சொதி வைக்கவோ, சம்பல் போதுமோ, முதல் அதைச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் அங்கே ஆடிய கழகமொன்றின் ஸ்கோரர், ஆட்டக் கணக்கு எழுதுகிறவன். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் படம் வரைந்தவர்தான் அந்த அணியின் பயிற்சியாளர். கோடையில் கிறிக்கெட் ஆடுகிற பொடியன்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க பேஸ்போல் ஆடுவார்கள். ஆடுவதற்கு ஆட்கள் இருந்தார்கள், குளிரில் குந்தியிருந்து எழுதுவதற்குத்தான் ஒருவருமில்லை. யாழ்ப்பாணத்தில் நான் கிறிக்கெட் நடுவராக நின்றவன் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை ஸ்கோர் புத்தகமும் சீவிய இரண்டு பென்சில்களும் என் மடியில் இருந்தன.

நடுவராக நின்ற காலத்தில் எனக்கு ஒரு பேர் இருந்தது. ஒரு பெரிய ஆட்டத்தில், நாற்பத்தெட்டு ஓட்டங்களோடு நின்ற என் சொந்த மச்சானுக்கு எல்பி கொடுத்து வெளியே அனுப்பினேன். "சொந்தம் பாராத மனுசன்" என்று ஊரே சொன்னது. மச்சான் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. நான் அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் பேரை நான் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் மாதிரி வருடக்கணக்காக வைத்துத் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பந்து காலில் பட்டதா, மட்டையில் பட்டதா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் தம்பி வந்தான். கூடப்பிறந்தவன் அல்ல. என் நண்பர் ஒருவரின் உறவுக்காரப் பொடியன், இருபத்திரண்டு வயது, போத்தல் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சிட்னியில் தமிழர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆகவே ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அவனுக்கு எங்கள் வீட்டில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குத் தொடக்க ஆட்டக்காரனாக ஆடியவன் என்று கேள்விப்பட்டதும், மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அவனுடைய கெட்டித்தனம் அடிப்பதில் இல்லை, விடுவதில் இருந்தது. வெளியே போகிற பந்தைத் தொடாமல் விடுகிற பொறுமை தொடக்க ஆட்டக்காரனுக்குப் பால்குடியோடு வந்தது. பேஸ்போலில் எறிபவன் நாலு பந்தை மட்டைக்கு எட்டுகிற எல்லைக்கு வெளியே எறிந்துவிட்டால், அடிப்பவன் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் மட்டையை வீசிக்கொண்டு நிற்க, இவன் கொக்கு மாதிரி நின்று நாலு பந்தையும் விட்டுவிட்டு நடப்பான். அடித்தால் தரையோடு அடிப்பான். அடித்துவிட்டு ஓடுகிற ஓட்டமிருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் வேண்டும்.

"இவனை முதலாவதாக இறக்குங்கள்" என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். அவர் காதைச் சொறிந்தார். மூன்று கிழமை தோற்ற பிறகு இறக்கினார். அதன் பிறகு நாங்கள் வெல்லத் தொடங்கினோம். அடுத்த வருடமும் அவனே முதலாவது. "பந்திக்கு முந்திற பழக்கம் இஞ்சையும் விடேல்லை" என்று என் மனைவி அவனைச் சீண்டுவாள். "அக்கா, நீங்கள் சமைச்சா ஆர்தான் பிந்துவினம்?" என்பான்.

அந்த வருடத் தொடக்கத்தில்தான் அது நடந்தது. எங்கள் அணியில் பந்து பிடிக்கிற பொடியனின் தகப்பன் மைதான ஓரத்தில் சொசேஜ் சுட்டு விற்பவர். நல்ல மனிதர். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்று தெரிந்து, பாண் ரொட்டிக்குள் வெங்காயத்தை மட்டும் அள்ளி வைத்துத் தருவார். அன்றைக்கும் அப்படித் தந்துவிட்டு, "முதல் ஆளும் உங்கள் ஆள், பென்சிலும் உங்கள் கையில். நல்ல வசதிதான்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும்வரை அந்தச் சிரிப்பு என் முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் எனக்குப் பற்றி எரிந்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அடித்த பந்து தரையில் உருண்டு வருகிறது, தடுப்பவன் கையில் பட்டு நழுவுகிறது, அடித்தவன் முதல் பேஸைப் பிடித்துவிடுகிறான். இது அடித்தவனின் திறமையா, தடுத்தவனின் பிழையா? அதைத் தீர்மானிப்பவர் நடுவர் அல்ல, ஸ்கோரர். திறமை என்று கண்டால் ஹிட் என்று எழுதுவார், அது அடித்தவன் கணக்கில் ஏறும். பிழை என்று கண்டால் எரர் என்று எழுதுவார், அடித்தவனுக்கு ஒன்றுமில்லை. இரண்டுக்கும் நடுவில் விழுகிற பந்துகள் ஒவ்வொரு ஆட்டத்திலும் வரும். அவற்றை மனச்சாட்சியை வைத்துத்தான் எழுத வேண்டும்.

அந்த வருடம் முழுக்க, தம்பி அடித்த சந்தேகமான பந்து ஒவ்வொன்றையும் நான் எரர் என்று எழுதினேன். ஈரப்புல்லில் சறுக்கிக்கொண்டு போன பந்து எரர். அவன் ஓட்டத்தைக் கண்டு தடுப்பவன் பதறி நழுவவிட்டது எரர். பதற வைத்ததே அவன் கால்கள்தான் என்று எனக்குத் தெரியும். அதே மாதிரிப் பந்தை எங்கள் இரண்டாவது ஆட்டக்காரன், செம்பட்டைத் தலைப் பொடியன், அடித்தபோது ஹிட் என்று எழுதினேன். எழுதும்போது பக்கத்தில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கட்டும் என்று புத்தகத்தைக் கொஞ்சம் சரித்துப் பிடிப்பேன். பாருங்கள், நான் சொந்தம் பாராத மனுசன். வெட்கக்கேடு. எரர் என்று எழுதிய இடங்களில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்கவில்லை.

தம்பி ஒருநாளும் புத்தகத்தை எட்டிப் பார்த்ததில்லை. "நீங்கள் எழுதினா சரியாத்தானே அண்ணை இருக்கும்" என்பான்.

பருவம் முடியும்போது, மாநிலத்தின் இளைஞர் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. இருபத்திமூன்று வயதுவரைதான் எடுப்பார்கள். தம்பிக்கு அது கடைசி வருடம். எடுபட்டால் வேறு மாநிலங்களுக்குப் போய் ஆடலாம். தொழிற்சாலையில் அவனுடைய மேற்பார்வையாளர்கூட, எடுபட்டால் இரண்டு கிழமை லீவு தருவதாகச் சொல்லியிருந்தார். அவன் வாய்விட்டுக் கேட்கிற ஆளல்ல. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அண்ணை, இது மட்டும் கிடைச்சிட்டா, இந்த நாட்டுக்கு வந்ததுக்கு ஏதோ செய்தனான் எண்டு இருக்கும்" என்றான். சொல்லிவிட்டுக் கூச்சத்தில் தலையைக் குனிந்து பருப்பைப் பிசைந்தான்.

ஒவ்வொரு கழகமும் தன் ஆட்டக்காரர்களின் சராசரியை எழுதி அனுப்ப வேண்டும். பத்துத் தரம் அடிக்கப் போனால் மூன்று ஹிட் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இருந்தால் தெரிவாளர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். நடந்தே பேஸ் பிடித்தவை அந்தக் கணக்கில் சேராது. குசினி மேசையில் புத்தகத்தை விரித்துக் கணக்குப் பார்த்தேன். செம்பட்டைத் தலையன் மூன்றைத் தாண்டியிருந்தான். தம்பி தாண்டவில்லை. புள்ளிகளை எண்ணினேன். பதினொன்று. அதில் பாதியைக் கொடுத்திருந்தாலே அவன் தாண்டியிருப்பான்.

மனைவி தேத்தண்ணி கொண்டு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். கோப்பையை வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"அப்ப மாத்தி எழுதுங்கோ."

"முடிஞ்ச ஆட்டத்தை மாத்தி எழுதிறது களவு."

"அவன்ர ஹிட்டை எழுதாமல் விட்டது என்னவாம்?"

"உமக்கு விளங்காது. சனம் என்ன சொல்லும்?"

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது. ஆரோ வெங்காயம் விக்கிற மனுசன் பகிடியாச் சொன்னதுக்கு, எங்கட வீட்டுச் சோத்தைத் தின்னிற பிள்ளையை நீங்கள் வெட்டிப்போட்டியள்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் இருந்ததால்தான் வந்தது. குளிரில் ஈரக் கதிரையில் இருந்து எழுதுகிறவன் நானா, அவளா என்று கத்தினேன். கத்திவிட்டு இருந்தபடியே தாளை நிரப்பினேன். மறுநாள் பயிற்சியாளரிடம் கொடுத்தபோது அவர் தம்பியின் பெயருக்கு நேரே விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இன்னும் கூட இருக்கும் என்று நினைத்தேன். நிச்சயம்தானா?" என்று கேட்டார். ஒரு கதவு அந்த இடத்தில் திறந்தே இருந்தது. நடந்தே அவன் எத்தனை தரம் பேஸ் பிடித்தான் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். முதலாவது ஆள் எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவன் நான்தானே. "நிச்சயம்" என்றேன்.

செம்பட்டைத் தலையனை எடுத்தார்கள். தம்பி அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்தினான். எங்கள் வீட்டுக்கு வந்து, "எவ்வளவு அண்ணை வந்தது எனக்கு?" என்று கேட்டான். சொன்னேன். "அப்ப நான் அவ்வளவுதான் போல" என்றான். அடுத்த குளிர்காலம் அவன் ஆட வரவில்லை. தொழிற்சாலையில் சனிக்கிழமை ஓவர்டைம் என்றான். நானும் அதோடு ஸ்கோர் எழுதுவதை விட்டுவிட்டேன், முதுகு நோகுது என்று காரணம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு மட்டும் அவன் தவறாமல் வந்தான், அக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தான். ஒவ்வொரு ஞாயிறும் நான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழும்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, மின்னியல் படிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அலுவலகத்தில் அறிந்து, அவனுக்காக ஒரு விண்ணப்பத் தாள் வாங்கி வந்தேன். பின்னேர வகுப்பு, மூன்று வருடம், முடித்தால் போத்தல் தொழிற்சாலையை விட்டு வெளியே வரலாம். அவன் தாளைத் தொடவில்லை.

"வேண்டாம் அண்ணை. உந்தப் பரீட்சையெல்லாம் எனக்குச் சரிவராது."

"ஏன் சரிவராது? நீ கெட்டிக்காரன்."

"அப்பிடித்தான் பேஸ்போலிலயும் நினைச்சனான். எனக்கு வலு கெட்டித்தனம் எண்டு. நீங்கள் ஒரு சொட்டுக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினபடியாத்தான் என்ர அளவு எனக்குத் தெரிஞ்சது. இல்லாட்டி இண்டைக்கும் ஏமாந்துகொண்டெல்லோ திரிஞ்சிருப்பன்."

அவன் நன்றியோடுதான் சொன்னான். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயப் பகிடியை, எரரை, புள்ளிகளை. மச்சானுக்குக் கொடுத்த எல்பியைக்கூடச் சொன்னேன். நான் சொல்லி முடித்ததும் அவன், "எத்தினை?" என்றான்.

"பதினொண்டு."

அவன் உதடுகள் மெல்ல அசைந்தன. மனதுக்குள் வகுத்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது. விடை வந்ததும் உதடுகள் நின்றன.

"இதை இப்ப ஏன் சொல்லுறியள் அண்ணை? எனக்காகவோ, உங்களுக்காகவோ?"

எனக்காகத்தான். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. என் மனப்பாரத்தை இறக்கி வைக்க எனக்கு அவன் தலைதான் கிடைத்தது. அவன் எழும்பினான். என்ன செய்வதென்று தெரியாமல் விண்ணப்பத் தாளை நான் மறுபடி நீட்டினேன்.

அவன் அதைப் பார்த்தான். "இதிலயும் ஏதாவது எழுதினனீங்களோ?"

"இல்லை. வெறும் தாள்தான்."

"அப்ப தாங்கோ" என்று வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பிறகு குசினிப் பக்கம் போய், "போட்டு வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி நடந்து வாசலால் போனான்.