செல்லியம்மாளுக்கு வலிக்கவில்லை

கடலோரக் குப்பத்திலிருந்து வந்து மேடவாக்கம் கூட்டுரோட்டில் மீன் விற்பவள் செல்லியம்மாள். அந்த ஆனி மாதம் அவளுக்குத் தூக்கமே தேவைப்படவில்லை. வாய் ஓயாமல் பேசினாள். போவோர் வருவோருக்கெல்லாம் வஞ்சிரத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தாள். ஒரு காலை, பேச்சு மும்முரத்தில் அருவாமனை அவள் கட்டைவிரலை எலும்பு வரை பிளந்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே அடுத்த மீனை எடுத்தாள்.

புருஷன் சிட்டிபாபு ஓடிவந்து கையைப் பிடித்தான். “இன்னாமே, வலிக்கலயா?”

“இன்னாத்துக்கு வலிக்கணும்? வுடுய்யா, யாவாரம் கீது!”

தாம்பரம் ஆஸ்பத்திரியில் விரலுக்குத் தையல் போட்டவர்களே அவளை மனநல மருத்துவர் ஜாஸ்மினிடம் அனுப்பினார்கள். இருமுனை மனநோய் என்றார் அவர். மருந்தில் ஆட்டம் அடங்கியது. ஆனால் அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. ஆடி முழுக்கச் சுருண்டு கிடந்தாள். ஆறிப்போன தையல் நெருப்பாய் எரிந்தது. தலை வாரினால் மண்டை நொந்தது. மகள் ஓவியா தோளைத் தொட்டால்கூடச் சீறினாள்.

“அப்போ வெட்டே வலிக்கல. இப்போ சீப்பு வலிக்குது. இன்னா டாக்டரம்மா இது?”

“அபின் மாதிரி வலியை அடக்கற ஒண்ணை நம்ம உடம்பே சுரக்குதும்மா. மனசு எகிறும்போது அது கூடுதோ, விழும்போது குறையுதோன்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் முடிவாத் தெரியல. அது மட்டுமே காரணமும் இல்ல.”

“அப்ப அத்தயே ஊசில ஏத்தி வுடேன்.”

ஜாஸ்மின் சிரிக்கவில்லை. “கூடாது. மனசு மறுபடி எகிறிடும், அடிமையாவும் ஆக்கிடும். வலி மாத்திரை எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போடணும்.”

செல்லியம்மாள் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இடுப்பு அறுவைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த, அபின் வகை வலி மாத்திரையை இரந்து வாங்கிப் போட்டுக்கொண்டாள். உடம்பு காற்றாய் லேசானது. மறுநாளும் போட்டாள், அதற்கு மறுநாளும். பேச்சு திரும்பியது, பாட்டும் வந்தது. சிட்டிபாபு அவள் தேறிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டான்.

ஒரு மத்தியானம், கொதிக்கும் சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் இறக்கினாள்.

“அம்மா, சுடலயா?” என்று அலறினாள் ஓவியா.

“இல்லடீ” என்று சொன்ன பிறகுதான் செல்லியம்மாள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். தோல் வழன்று தொங்கியது. தானாகவே புருஷனைக் கூப்பிட்டாள்: “தாம்பரத்துக்கு இட்டுனு போய்யா. நான் மாத்திர துன்னுட்டேன்.”

மாத்திரையை நிறுத்தி, அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்தார்கள். மருந்தை மாற்றினார்கள். ஐப்பசியில் மறுபடி கடைக்கு வந்தாள். இப்போது அரை நாள் வியாபாரம்தான், மீனை வெட்டித் தருவது சிட்டிபாபு. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில், பஸ்ஸில் அவன் கேட்டான்: “அந்த வலிக்காத ஆட்டம் திரும்ப வந்துடும்னு பயமாக்கீதா?”

“பயமும் கீது” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “ஆசயும் கீதுய்யா.”

சிட்டிபாபு அவள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தான்.