சாலிமின் பெட்டியில் நான் போட்ட சீட்டு

பியூலா, சாம், இங்கே ஓமானில் எங்கள் தொழிற்சாலை வாசலில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று நிற்கிறது. வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அதன் முன்னால் நின்று சிரித்து, "என்னால் முடியும், நான் ஜெயிப்பேன்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் கார்டைத் தேய்க்க வேண்டும். வங்காளத்துக்காரர், நேபாளத்துக்காரர், நான், எல்லாரும் அவரவர் மொழியில் எங்களை நாங்களே தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பீங்கான் வாஷ்பேசின் செய்கிறோம். எனக்கு இன்னும் கூச்சம் போகவில்லை, உதட்டை மட்டும் அசைப்பேன். விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பதினாறு வருடம் பியூஸ் கேரியரும் பொம்மையும் சுட்டவன் நான். அங்கே சூளை பற்றவைக்கும்போது முதலாளி கற்பூரம் கொளுத்துவார், நான் ஒதுங்கி நின்று கண்ணை மூடிக்கொள்வேன். சரக்கு நல்லபடியாக வெந்து வந்தால் அவர் கொளஞ்சியப்பர் புண்ணியம் என்பார், நான் ஆண்டவர் கிருபை என்பேன். விரிசல் விட்டால் மட்டும் இரண்டு பேரும் ஒன்றுபோல "நம்ம கை சரியில்ல" என்போம். இங்கே தலைகீழ். நன்றாக வந்தால் நான், கெட்டுப்போனால் எவனோ ஒருவனுடைய நெகட்டிவ் எண்ணம்.

இதை இப்போது எழுதக் காரணம் பியூலாவின் போன். நம் சபையில் வாலிபர் கூட்டத்துக்கு யாரோ புதிதாகப் பேச வருகிறாராம். ஜெப விண்ணப்பப் பெட்டியை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு சீட்டில் தன் இலக்கைத் தானே எழுதிப் போடச் சொல்கிறாராம். "ஆண்டவர் உனக்குள்ள சக்திய வச்சிட்டாரு, இனிமே கேக்காத, அறிவி" என்கிறாராம். "ஒங்களுக்கும் ஒண்ணு எழுதிப் போடுறேம்பா, ஒங்க இலக்கு இன்னான்னு சொல்லுங்க" என்று நீ கேட்டாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதும், "எதச் சொன்னாலும் சந்தேகந்தானாப்பா ஒங்களுக்கு?" என்று சலித்துக்கொண்டாய். ஆமாம், சந்தேகம்தான். அதற்கு முழுசாகப் பதில் சொல்கிறேன்.

என் அறையில் இருந்த செல்வராசு மாமாவை உங்களுக்குத் தெரியும். பெண்ணாடத்துக்காரர், போனில் சாமிடம் கபடி பேசுவாரே, அவர்தான். காய்ந்த பேசினைத் தூக்கிச் சூளை வண்டியில் அடுக்குவது அவர் வேலை. ஆறு மாதமாக அவருக்கு இடுப்பில் வலி, இடது கால் மரத்துப்போகும். கம்பெனிக்குத் தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தார். ராத்திரியில் தைலம் தேய்த்துவிட்டது நான்தான், அதனால் எனக்கு மட்டும் தெரியும்.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு உற்சாக வகுப்பு. நடத்துபவர் சாலிம், இந்த ஊர்ப் பிள்ளை, முப்பது வயதிருக்கும். சிரித்த முகம், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அவர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, மனசில் இருக்கிற பெரிய ஆசையை எழுதிப் போடுங்கள், பெயர் வேண்டாம், எந்த மொழியும் பரவாயில்லை என்றார். நம் சபையில் சின்ன வயதிலிருந்து பழகியது உங்களுக்கும் தெரியும். ஜெபப் பெட்டியில் தன் பெயரைத் தானே எழுதிப் போடக் கூடாது. அடுத்தவனுக்காக எழுது, உனக்காக எழுத ஒருத்தன் இருப்பான் என்று போதகர் ஐயா சொல்லிச் சொல்லி அது கையிலேயே ஊறிவிட்டது. பெட்டியையும் சீட்டையும் பார்த்ததும் என் பேனா தானாக ஓடியது: "அறை நண்பர் செல்வராசுவின் இடுப்பு வலி தீர, கால் மரத்துப்போகாமல் இருக்க."

சாலிம் ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். தமிழ்ச் சீட்டை ஆபீஸில் இருக்கும் திருச்சித் தம்பி வாங்கி, வெள்ளந்தியாகச் சத்தமாக இந்தியில் சொல்லிவிட்டார். எழுதியது யார் என்று கேட்டபோது நான் எழுந்து நின்றேன். "இதில் நீ எங்கே?" என்றார் சாலிம். "இங்கதான் சார் நிக்கிறேன்" என்றேன். கூடமே சிரித்தது. "இந்தச் சீட்டில் உன் ஆசை எங்கே?" என்று விளக்கினார். அதுதான் சார் ஆசை என்றால் அவருக்குப் புரியவில்லை. அவர் சிரிப்பதைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அந்தச் சீட்டு, மேலாளருடைய மேசைக்குப் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் மாமாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, இனி பாரம் தூக்க லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிவிட்டார். பத்தாம் நாள் விமானம்.

"ஏன்யா டேவிட்டு, ஒங்க சாமிகிட்ட சொல்ல வேண்டியதப் போயி கம்பெனிகிட்ட சொல்லிட்டியேய்யா" என்றார் மாமா.

"பெட்டின்னு வச்சாங்க. பழக்கதோசம், மன்னிச்சிக்கய்யா."

"பெட்டின்னு இருந்தா போட்டுடுவியா? நல்ல வேள, குப்பப் பெட்டி வெளிய இருக்குது." அப்புறம் துணியை மடித்துக்கொண்டே, "வூட்டுக்குத்தான போறேன், பொண்டாட்டி கையால திங்கப்போறேன். நீ ஏன் எழவு வூட்டுல ஒக்காந்த மாரி ஒக்காந்திருக்க?" என்றார். என் முகத்தைப் பார்க்காமலேதான் அதைச் சொன்னார்.

சாலிம் என்னைக் கூப்பிட்டு, இதையும் பாசிட்டிவாக எடுத்துக்கொள் என்றார். இங்கே எங்கள் ஜெபக் கூட்டத்தில் அதைவிடப் பெரிதாகச் சொன்னார்கள். இன்னும் ஒரு வருடம் தூக்கியிருந்தால் அவர் காலே போயிருக்கும், உன் சீட்டு வழியாக ஆண்டவர் காப்பாற்றினார், எழுந்து சாட்சி சொல் என்றார்கள். நான் எழுந்திருக்கவில்லை. அப்படியே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அவர் நம்பிச் சொன்னதை வெளியில் விட்டது நான். அதை ஆண்டவர் தலையில் கட்டிவிட்டுக் கை தட்டினால், கண்ணாடி முன்னால் நிற்பவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவனும் தன் தப்பைப் பார்ப்பதில்லை, நானும் பார்க்க மாட்டேன்.

அதனால் பியூலா, என் இலக்கு என்று எதையும் எழுதாதே. கேட்காதே, அறிவி என்பவரிடம், கேட்பதில் என்ன கேவலம் என்று மரியாதையாகக் கேள். மாமா இடுப்புக்காக எழுத நினைத்தால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள். பெட்டியை யார் திறப்பார்கள், யார் படிப்பார்கள் என்றும் விசாரித்துக்கொள். ஜெபத்துக்குக்கூட இப்போது இதெல்லாம் பார்க்க வேண்டியிருக்கிறது.

நேற்று மாமா பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்ததை வீடியோவில் காட்டினீர்கள். அம்மா மீன்குழம்பு ஊற்றினாள். சாம் தலையணை கொண்டுவந்து என் நாற்காலியில் அவர் முதுகுக்கு அண்டக் கொடுத்தான். மாமா போனை வாங்கி, "ஏன்யா, என் கட்டில்ல இப்ப எவன் படுக்குறான்?" என்றார். "நாந்தான், ஜன்னலோரமாச்சே" என்றேன். "படு படு" என்று மட்டும் சொல்லி போனை உங்களிடம் கொடுத்துவிட்டார். என் நாற்காலியில் அவர் சாய்ந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உடம்பு பள்ளமாக்கி வைத்திருக்கும் இந்த மெத்தையில், அந்தப் பள்ளத்துக்குள் சரிந்துவிடாமல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு.